எந்த டிரைவில் இருக்கிறது கல்யாணம்

2025 ஜனவரி 16, வியாழன்

இதை நான் எழுதாமல் விட்டால் என் மனைவி நாகலெட்சுமி டிக்கோயா டவுன் முழுக்கச் சொல்லி, அவள் சொன்னதே சரித்திரமாகிவிடும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். இன்று காலை ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சுவெட்டருக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. தொழில் போட்டோ, வீடியோ. அந்தக் கோலத்தில்தான் மனைவி தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள்.

"குஞ்சு பொரிச்சா எனக்கொண்ணு குடுங்க" என்றாள். பிளேன்டியை வைத்துவிட்டுப் போனாள். போகும்போதே போனைக் கையில் எடுத்ததுதான் பயமாக இருக்கிறது.

காரணம் இருக்கிறது. இந்தக் கிழமை விடிகாலையில் தேயிலைக்கு மேலே வெள்ளையாகப் பனி உறைகிறது. என் பழைய கறுப்பு டிரைவ் குளிரில் சுற்ற மறுக்கிறது. வயரைக் குத்தினால் டிக், டிக் என்று நாக்கைச் சப்புக்கொட்டுகிறது, அவ்வளவுதான். உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் எழும்பி வேலை செய்கிறது. என்னைப் போலவேதான்.

அதற்குள் இருப்பது பிரியந்தியின் கல்யாணம். போன வருஷம் தையில் எடுத்தது. எல்லாருடைய கல்யாணத்தையும் எடுத்துக் கொடுத்து முடித்துவிட்டேன், இதை மட்டும் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையதில்லை. அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வாருங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன்? பிரியந்தியின் அம்மா மீனம்மா அக்கா வந்து தெரிவு செய்தால், இறம்பொடையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து "எங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தரையும் காணோமே" என்று அத்தனையையும் மாற்றுவார். அவர் போனதும் இவர் வருவார். இப்போது இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நம்ம ஆட்களுக்குக் கல்யாணம் ஒரு நாளில் முடியும், அல்பம் முடியாது.

இன்று மத்தியானம் பிரியந்தி வந்தாள். மாப்பிள்ளை நிரோஷன் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம் முடித்து இரண்டு கிழமையில் போனவன். அவளுடைய வீசா விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். போனில் எடுத்த இரண்டு படத்தைப் பார்த்து இது உண்மையான கல்யாணம் என்று நம்ப முடியாது என்றார்களாம். மாசி முடிவதற்குள், அதுவும் ஹட்டன் வீசா ஏஜண்ட் சொன்ன நாளுக்குள், ஒழுங்கான படங்களோடு மறுபடி போட வேண்டும்.

"எல்லாம் பத்திரமாத்தானே மாமா இருக்கு?" என்றாள்.

"பத்திரமா இருக்கும்மா" என்றேன். அப்போதும் அது என் அக்குளில்தான் இருந்தது.

ஜனவரி 17

இன்றைக்கு இடது அக்குள்.

ஜனவரி 20, திங்கள்

புது டிரைவ் வாங்கித்தான் ஆக வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் துரைராசா மாஸ்டரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து ஆள், கணக்கு வாத்தியாராக இங்கே வந்து, பென்ஷன் எடுத்தும் ஊருக்குப் போகாதவர். பேப்பர் வாசிக்க என் கடைக்குத்தான் வருவார். வாங்குவதில்லை, வாசிப்பார்.

"நீர் லினக்ஸ் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறீர். இனி டிரைவும் லினக்ஸ் டிரைவோ வேணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தது. பிரிண்ட் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் பென் டிரைவில் ஒரு வைரஸையும் சேர்த்துக் கொண்டு வருவார்கள். ஒரு நாள், பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டு வீடியோ முழுக்க குறுக்குவழிக் கோப்புகளாக மாறி நின்றது. அன்றைக்கே விண்டோஸை எறிந்துவிட்டு லினக்ஸ் போட்டேன். நானே போட்டேன். மூன்று தரம் தோற்று நான்காம் தரம் போட்டேன். மலைநாட்டில் இப்படிப்பட்ட போட்டோக்காரன் இன்னொருவன் இருந்தால் காட்டட்டும். (இருக்கக்கூடும். விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன்.)

மாஸ்டரிடம் சொன்னேன்: டிரைவ் எல்லாம் ஒன்றுதான், உள்ளே எழுதுகிற முறைதான் வேறு. தோட்டத்தில் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு யார் எந்த மலைக்கு என்று செக்ரோலில் பதிகிறார்களே, அதுபோல டிரைவுக்குள்ளும் எந்தப் படம் எந்த இடத்தில் என்று ஒரு பதிவு இருக்கிறது. பார்மட் பண்ணுவது என்றால் பழைய செக்ரோலைக் கிழித்துப்போட்டுப் புதியது தொடங்குவது. ஆட்கள் மலையில்தான் நிற்பார்கள். ஆனால் பேர் கூப்பிட ஆளில்லை.

மாஸ்டர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "உதை ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"யாருமில்லை சேர். நானா யோசிச்சது."

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

ஜனவரி 25, சனி

ஹட்டன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் தீப்பெட்டி அளவில் ஒரு டிரைவ். பதினாறு டி.பி. என்று அச்சடித்திருக்கிறது. விலையைக் கேட்டதும் விற்கிறவன் புத்தி கெட்டவன் என்று நினைத்து, அவன் நினைவு திரும்புவதற்குள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு ஒரே சிரிப்பு. இந்த மலைநாட்டின் இனி வரும் கல்யாணமெல்லாம் இதற்குள் அடங்கும்.

நாகலெட்சுமியிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். மரக்கறிக்காரனிடம் கோவா வாங்குகிற மாதிரி.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குங்க" என்றாள்.

டெக்னிக்கல் விஷயம் பேசாதே என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

உள்ளே ஒன்றுமே இல்லை.

லினக்ஸில் ஒரு சின்ன சோதனை இருக்கிறது. டிரைவ் நிறைய எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துப் பார்க்கும். ஓடவிட்டேன். பதினாறு டி.பி. என்று சொன்னதில் நிஜமாக இருப்பது அறுபத்து நாலு ஜி.பி. அதற்கு மேல் எழுதினால் முதலில் எழுதியதன் மேலேயே எழுதுகிறது. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற ஒரே ஒரு காம்பராவைக் கட்டிவிட்டு வாசலில் வரிசையாக இலக்கம் போட்டு வைத்த மாதிரி. புதுக் குடும்பம் வந்தால் பழைய குடும்பத்தின் சாமானை முற்றத்தில் எறிந்துவிடும். நீலமாகக் கண் சிமிட்டி, எல்லாம் சரி என்றும் சொல்லும்.

பிரியந்தியின் கல்யாணத்தை இதில் போட்டிருந்தால் தாலி கட்டுவது போய், கைகழுவும் இடம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஏமாந்தது வெட்கம்தான். ஆனால் கண்டுபிடித்தது நான்தானே? கடைக்கு வந்த எல்லாரிடமும் இரண்டாவதை மட்டும் சொன்னேன். முதலாவதை நாகலெட்சுமி சொல்லி முடித்திருந்தாள்.

பெப்ரவரி 1, சனி

நுவரெலியா போனேன், ஒழுங்கான கடைக்கு. கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பழைய மாதிரி, உள்ளே தட்டுச் சுற்றுவது. அதே விலைக்கு இடம் அதிகம். மற்றது எஸ்.எஸ்.டி.; உள்ளே சுற்றுவதற்கு எதுவுமில்லை. இடம் குறைவு, விலை கூட. மற்ற ஊராக இருந்தால் யோசிக்கலாம். சுற்றுவதற்கு ஒன்றுமில்லை என்றால் குளிரில் விறைக்கவும் ஒன்றுமில்லை. என் அக்குளும் ஓய்வெடுக்கும். எஸ்.எஸ்.டி.யையே எடுத்தேன்.

"லினக்ஸ்வலட்ட", லினக்ஸுக்கு என்று சிங்களத்தில் சொன்னேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"ஏ மொகடத?" என்று கேட்டார் அவர். அது எதற்கு என்று. பக்கத்தில் நின்ற பொம்பிளைப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். பரவாயில்லை.

பெப்ரவரி 5, புதன்

பார்மட் பண்ண உட்கார்ந்தேன். நாகலெட்சுமி கலண்டரைக் கொண்டுவந்து மூக்குக்கு முன்னால் பிடித்தாள். "இன்னைக்கு அட்டமி. அழிக்கவும் கூடாது, ஆக்கவும் கூடாது."

"இது டிரைவ், லெட்சுமி. கம்ப்யூட்டர் —" என்று தொடங்கினேன்.

"உள்ள இருக்கிறது கல்யாணந்தானே?"

எழும்பிவிட்டேன்.

பெப்ரவரி 8, சனி

ராகு காலம் கழியட்டும் என்று பத்தரை வரை காத்திருந்து பார்மட் பண்ணினேன். ext4 என்ற முறை. லினக்ஸுக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. அது என்ன செய்யப்போகிறதோ அதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் செய்யுமாம், இடையில் கரண்ட் போனாலும் தடம் மாறாது. நானும் நாட்குறிப்பு எழுதுகிறவன். எங்களுக்குள் ஒரு இது வந்துவிட்டது.

ஒன்றை எழுத வேண்டும். மறைக்கக்கூடாது. லினக்ஸ் டிரைவுகளுக்குக் குத்துகிற வரிசையில் sdb, sdc என்று பேர் வைக்கும். பழைய டிரைவும் புதிய டிரைவும் ஒரே அளவு, ஒரு டி.பி. இரண்டையும் குத்தி வைத்திருந்தேன். காலையில் புதியது sdb. இடையில் கழற்றி மாட்டினேன். sdb-யை பார்மட் பண்ணும் கட்டளையை அடித்துவிட்டேன், விரல் என்டரின் மேல் இருந்தது. அப்போது நாகலெட்சுமி பின்னால் நின்று கேட்டாள்: "இதுல எதுல கல்யாணம் இருக்கு?"

இதுதான் என்று காட்டுவதற்காகப் பட்டியலைப் பார்த்தேன். வரிசை மாறியிருந்தது. sdb-யில் இருந்தது கல்யாணம்.

பழைய டிரைவைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவளுக்கு நடந்தது தெரியாது. தெரிய வேண்டாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிறு என்றால் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருகிற நாள், நல்ல யாவாரம். கதவைப் பூட்டிக்கொண்டு காப்பி பண்ண உட்கார்ந்தேன். வெளியே நின்றவர்கள் எனக்கு நெஞ்சுவலி என்றும், பொண்டாட்டி போய்விட்டாள் என்றும் பேசிக்கொண்டார்களாம். பொண்டாட்டி உள்ளேதான் இருந்தாள், டிரைவை அக்குளில் வைத்துக்கொண்டு. காலையில் என் சூடு பத்தவில்லை. "நீங்க வெறும் எலும்பு" என்று வாங்கிக்கொண்டாள். அவள் வைத்தால் உடனே சுற்றுகிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

பாதி போனபோது கரண்ட் போனது. எங்களுக்கு மட்டுமில்லை, நாடு முழுக்க. சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். மாஸ்டர் இதை நம்பவில்லை. நான் நம்பினேன். நான் திட்டம் போட்டு உட்கார்ந்த ஒரு நாளில் குரங்கு பாயாமல் என்ன செய்யும்?

சாயந்திரம் வரை இருட்டில் இரண்டு பேரும் முறை வைத்து டிரைவைச் சூடாக வைத்திருந்தோம். கரண்ட் வந்ததும் புதியதைத் திறந்து பார்த்தேன். போன படம் ஒன்றுகூடப் பழுதில்லை. காப்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் முழுக் கல்யாணமும் புது டிரைவில்.

"நல்ல நேரத்துல தொடங்கினதுதான்" என்றாள்.

ext4 என்றேன் நான்.

பெப்ரவரி 13, வியாழன்

பழைய டிரைவ் போய்விட்டது. இரண்டு பேர் சூட்டுக்கும் எழும்பவில்லை. டிக் கூட இல்லை. நாகலெட்சுமி அதற்கு முன்னால் ஒரு சாம்பிராணி காட்டினாள். கேலியா, உண்மையா என்று கேட்கவில்லை.

இப்போது கல்யாணம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். தோட்டத்துச் சம்பள நாள் கழியட்டும், கடைக்குக் காசு வரும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மீனம்மா அக்கா அல்பத்துக்குப் படம் தெரிவு செய்து முடித்துவிட்டார். வீசா என்றதும் இறம்பொடைப் பெரியம்மாவே போன் பண்ணி, "எங்களை வெட்டிட்டாலும் பரவாயில்ல, புள்ள போய்ச் சேரட்டும்" என்றாராம். ஒரு வருஷச் சண்டை. வீசாக்காரர்கள் இவ்வளவு செய்தார்கள்.

இப்போது கடையில் எனக்குப் புதுத் தொழில். போன் மெதுவா? பார்மட் பண்ணு. பென் டிரைவ் திறக்கவில்லையா? பார்மட் பண்ணு. பண்ணினால் புதுசு மாதிரி வரும். இரண்டு நாளாக இதையேதான் சொல்கிறேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை இறக்கி, டாக்டர் மாதிரி. மீனம்மா அக்காவும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 21, வெள்ளி

ஹட்டனிலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஏஜண்ட் ஹட்டனில் இருக்கிறான். எல்லாப் படமும் வீடியோவும் இன்றைக்கே வேண்டும், நாளைக்குச் சனி, கடைசி நாள் என்றான். பிரதி எடுக்க இன்னொரு டிரைவ் வாங்கவில்லை. அதனால் என்ன செய்தேன்? அந்த ஒரே டிரைவையே தூக்கி மீனம்மா அக்காவிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது பேச்சு வேறு. "அக்கா, இது சாதாரண டிரைவ் இல்ல. ext4."

பதினொரு மணிபோல போன்.

"தம்பி, இங்க கம்ப்யூட்டர்ல போட்டா உள்ள ஒண்ணுமே இல்லையாம். பார்மட் பண்ணவானு அதுவே கேக்குதாம். நீங்கதானே சொன்னீங்க, பண்ணினா புதுசு மாதிரி வரும்னு. ஆமான்னு குடுக்கச் சொல்லவா?"

வேணாம்னு கத்தினேன். லைன் கட். திருப்பி எடுத்தா சிக்னல் இல்ல. திருப்பித் திருப்பி எடுத்தேன்.

த்ரீவீலரில் ஏறினேன். கடையைப் பூட்டவில்லை. காலைப் பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, மற்றக் காலில் மாஸ்டருடையது. வழி முழுக்க ஒரே நினைப்பு. விண்டோஸுக்கு என் செக்ரோல் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாததை இல்லை என்று சொல்லும். மலை நிறைய ஆள் நிற்க, ஆளில்லை, புதுப் பெரட்டு போடவா என்று கேட்கும். இதை எனக்குத் தெரியாதா? தெரியும். அக்காவின் கையில் கொடுக்கும்போது ஏன் நினைவு வரலை? வாய் பெருமை பேசிக்கொண்டிருந்தது, அதுதான்.

ஏஜண்டின் கடைக்குள் ஓடினேன். ஏஜண்ட் முறைத்துக்கொண்டு நிற்கிறான். பிரியந்தி நாற்காலியில், ஹேண்ட்பேக்கின் மேலே உட்கார்ந்திருக்கிறாள். டிரைவ் பேக்குக்குள்.

"அம்மா போன்ல நீங்க கத்தினது மட்டும் கேட்டுச்சு மாமா. அந்த அண்ணன் மவுஸ்ல கை வச்சிருந்தாரு. வயரை இழுத்துட்டேன். யாரும் எடுக்கக்கூடாதுன்னு மேலயே உக்காந்துட்டேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மீனம்மா அக்கா தண்ணி கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, நம்ம ஆளுங்க கம்ப்யூட்டர்ல திறக்காத சாமானை நம்ம ஆளுங்ககிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

டிரைவைத் தூக்கிக்கொண்டு டிக்கோயாவுக்கு வந்து, வரும் வழியில் ஒழுங்கான கடையில் வாங்கின புது டிரைவை exFAT முறையில் பார்மட் பண்ணி, கல்யாணத்தை அதில் காப்பி பண்ணினேன். விண்டோஸும் திறக்கும், டீவியும் திறக்கும், லினக்ஸும் திறக்கும். எல்லார் வீட்டுக்கும் போய்வருகிற சாதி. சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்து, ஏஜண்டின் திரையில் தாலி கட்டுவது ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மாஸ்டர் தன் செருப்பைக் கேட்டு வாங்கினார். கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: வீட்டில் வைக்க ext4. வெளியே கொடுக்க exFAT. எதுவானாலும் இரண்டு பிரதி. கீழே மாஸ்டர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இரண்டு கால், ஒரே சோடி."

ஏப்ரல் 9, புதன்

கொழும்பில் பிரியந்திக்கு நேர்முகம் முடிந்தது. நிரோஷனையும் போனில் தனியாகக் கேட்டார்களாம். என்ன கேட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மே 14, புதன்

வீசா வந்துவிட்டது.

மீனம்மா அக்கா கடை வாசலிலேயே அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எழுதலாம், தப்பில்லை. அக்குளில் தொடங்கி லண்டன் வரை ஒரு கல்யாணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். பனி, குரங்கு, ஹட்டன் ஏஜண்ட், எல்லாவற்றையும் தாண்டி. இந்த வட்டாரத்தில் வேறு யார் செய்திருப்பார்? மத்தியானம் கடைக்கு வந்த எல்லாருக்கும் நெஸ்கஃபே. நாகலெட்சுமி ஊற்றிக் கொடுத்தாள்.

மே 16, வெள்ளி

பிரியந்தி சொல்லிக்கொண்டு போக வந்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்: "அதிகாரி எந்தப் படத்தைப் பார்த்தும்மா நம்பினாரு?" தாலி கட்டும்போது பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த படம் என்று எனக்குள் ஒரு தீர்மானம்.

அவள் நாகலெட்சுமியைப் பார்த்தாள். நாகலெட்சுமி கூரையைப் பார்த்தாள்.

"கல்யாணத்துல மறக்க முடியாதது என்னன்னு என்கிட்டயும் அவருகிட்டயும் தனித்தனியா கேட்டாங்க மாமா. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிட்டோம்."

என்ன சொன்னீர்கள்?

"எங்களைப் படம் எடுத்துக்கிட்டே பின்பக்கமா நடந்து போய், நீங்க வாழை மரத்தோட சேர்ந்து மல்லாக்க விழுந்தீங்களே, அதை."

அதிகாரி சிரித்துவிட்டு, படம் இருக்கிறதா என்றாராம். இருந்ததாம். மாலையோடு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கீழே நான், என் மேல் வாழைமரம். கல்யாணத்தன்று நாகலெட்சுமி தன் போனில் எடுத்து, அன்று சாயந்திரமே பிரியந்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது.

அந்தப் படம் என் இரண்டு டிரைவிலும் இல்லை.